இங்கிலீஷ் அரைமணி, இந்தி அரைமணி

நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். பேத்தி ஒன்பதாவது படிக்கிறாளாம். இங்கிலீஷில் பெரிய பெரிய வார்த்தைகள் வர வேண்டுமாம், என்ன செய்யலாம் என்று. பதில்கள் வந்து குவிந்தன. ஒருத்தி தினமும் பத்து வார்த்தை அனுப்புகிற ஆப் ஒன்றைச் சொன்னாள். இன்னொருத்தி டியூஷன் என்றாள். மூன்றாமவள் வழக்கம்போல ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பினாள். நான் ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரலால் தட்டித் தீர்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். இதில் பாதி உங்களுக்கும் தெரியும். மீதி எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

நாம் பத்தாவது படித்த வருஷம் ஐப்பசியில் என் அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பனவடலிசத்திரத்திற்குப் போய்விட்டு மொபெட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தவருக்குக் குறுக்கே ஒரு ஆட்டுக்குட்டி பாய்ந்துவிட்டது. ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. தறிக்கூடத்திற்கும் நூல் கடைக்குமாக நாள் முழுக்க அலைந்துகொண்டிருந்த மனிதரை முன்னறையில் கயிற்றுக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள். அவருக்கு இருந்த ஒரே துணை ஒரு டிரான்சிஸ்டர்.

அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழுப்பு நிறத் தோல் உறை, முன்பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஏரியல் உடைந்துபோய், அதற்குப் பதில் ஒரு செம்புக் கம்பியை ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பேட்டரி தீரும்போது அப்பா அதை வெளியே எடுத்து வெயிலில் காய வைக்கச் சொல்வார். வெயில் பட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பாடும் என்பது அந்தக் கால நம்பிக்கை. பாடவும் செய்தது. தோலும் பேட்டரியும் கலந்த அந்தச் சூட்டு வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

அப்பாவுக்குக் கிரிக்கெட் பைத்தியம். எட்டாவதோடு படிப்பை விட்டவர், இங்கிலீஷ் தெரியாது. வர்ணனையோ கொஞ்ச நேரம் இங்கிலீஷில், கொஞ்ச நேரம் இந்தியில் என்று மாறி மாறி வரும். நாங்கள் அதை இங்கிலீஷ் அரைமணி, இந்தி அரைமணி என்போம். கூட்டத்தின் சத்தத்தை வைத்தே யார் அவுட், யார் நான்கு அடித்தான் என்று அப்பா சொல்லிவிடுவார். ஆனால் படுத்துக் கிடந்த அந்த மாதங்களில் அது அவருக்குப் போதவில்லை.

முதல் சனிக்கிழமை என்னைத்தான் கூப்பிட்டார். "நீதான நல்லாப் படிக்க. இங்கன உக்காந்து அவன் என்ன சொல்லுதான்னு சொல்லு."

நான் வகுப்பில் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் இருந்தவள், ஞாபகம் இருக்கும். நோட்ஸ் புத்தகத்தில் உள்ள கட்டுரைகளை அட்டையிலிருந்து அட்டை வரை ஒப்பிப்பேன். ஆனால் அந்த ரேடியோ இங்கிலீஷ், நம் ஊரில் நிற்காமல் போகிற மதுரை பஸ் மாதிரி என்னைக் கடந்து போனது. "ரன் எடுத்துட்டாங்கப்பா," என்றேன்.

"அது எனக்கே தெரியுது. எப்படி எடுத்தாம்னு சொல்லுதாம்லா, அது வேணும்."

அப்போது சுவரோரம் உட்கார்ந்து துணிப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த அத்தை மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "பயந்து பயந்து ஆடுதான்ங்கான் மாமா."

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"டென்டட்டிவ்னு ஒரு வார்த்தை சொன்னான். குரலு எறங்கிப் போச்சு. மொதல்லயும் அதச் சொன்னப்பம் இப்படித்தான் எறங்கிச்சு. அடுத்த பந்துல ஆளு அவுட்டு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ரேடியோவில் கூட்டம் இரைந்தது. அவுட். அப்பா கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்து, கால் இழுத்ததில் "அம்மா" என்று மறுபடி சாய்ந்தார்.

அத்தை மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசிக்கு முந்தைய பெஞ்சில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். என் அப்பாவின் தங்கை மகள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் அப்பா இறந்துபோனார். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பிறகு வாசலைத் தாண்டவில்லை. ஊடைநூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றுகிற வேலையைத் தார் சுற்றுவது என்போம். தறியில் குறுக்கே ஓடுகிற அந்த நூலை எங்கள் தறிகளுக்கு அத்தைதான் சுற்றுவாள். முன்னறை மூலையில், எங்களுக்கு முதுகைக் காட்டி, ராட்டையோடு. காலாண்டுப் பரீட்சையில் அத்தை மகள் இங்கிலீஷில் பெயிலாகியிருந்தாள். டீச்சர் மார்க்கை வாசித்தபோது வகுப்பே சிரித்தது. வீட்டில் அவளுக்கு மண்டு என்று பெயர். யாரும் கோபமாகச் சொன்னதில்லை. தண்ணீர்ப் பானைக்குத் தண்ணீர்ப் பானை என்று பெயர் இருப்பதுபோல, அவ்வளவுதான்.

அன்று முதல் அவள்தான் அப்பாவின் காது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். தறி ஓடினால் வீட்டில் எதுவும் கேட்காது. மின்சாரம் போனால் தறி நிற்கும், ரேடியோ தெளிவாகக் கேட்கும். சங்கரன்கோவிலிலேயே மின்வெட்டுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே தறி முதலாளி என் அப்பாவாகத்தான் இருப்பார்.

வார்த்தைகள் சேரச் சேர அகராதி தேவைப்பட்டது. பள்ளியில் ஒன்று உண்டு, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியபடி. அப்பா பழைய பேப்பர் கடைக்கு ஆள் அனுப்பி ஒன்று வாங்கிவரச் சொன்னார். வந்தது இங்கிலீஷ் - தமிழ் அகராதிதான். அட்டை இல்லை. எஸ் எழுத்தோடு முடிந்துவிட்டது. டி முதல் இசட் வரை உள்ள பக்கங்களைக் கடைக்காரர் வறுகடலை மடிக்கக் கிழித்துவிட்டிருந்தார். மீதிப் பக்கங்களிலும் கடலை வாசம்.

இந்தி அரைமணி வந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் இருவரும் அகராதியைத் தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு தேடுவோம். காதால் கேட்ட வார்த்தைக்கு எழுத்து தெரியாது. 'ரிப்ரீவ்' என்று ஒன்று. அதை ஆர்-ஐ என்று தேடி, ஆர்-ஒய் என்று தேடி, கடைசியில் ஆர்-ஈயில் கண்டுபிடித்தோம். மரண தண்டனையை நிறுத்தி வைத்தல் என்று போட்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிரிக்கெட்டில் ஏது தூக்குத் தண்டனை? அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்பாவைத் தட்டி எழுப்பினாள்.

"மாமா, அப்பம் கேட்சை விட்டாம்லா, அதுதான். இவனுக்குத் தூக்கு தள்ளிப் போயிட்டு."

அப்பா சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு உதிர்ந்தது. மறுநாள் தறிக்காரர் ஒருவர், மழையால் நூல் லாரி வரவில்லை, இன்றைக்கு வேலை இல்லை என்று வந்து நின்றபோது, "ரிப்ரீவுல்லா ஒமக்கு, போய் ரெஸ்ட் எடும்," என்றார். அந்த மனிதர் ஏதோ போனஸ் என்று நினைத்துக்கொண்டு போனார். அம்மா ஒரு கறையில்லாமல் வெளுத்துக் கொடுத்த வேட்டி 'இம்மேக்குலேட்' ஆனது. மழைக்கு ஒழுகி, எப்போது சரியுமோ என்று நிற்கிற தறிக்கூடத்து ஓடு 'பிரிகேரியஸ்'. நான் பத்து வருஷம் பள்ளியில் படித்த இங்கிலீஷ் எங்கள் வீட்டு அடுக்களைக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. இந்த இங்கிலீஷ் அடுப்பங்கரை வரை வந்து உட்கார்ந்துகொண்டது.

அகராதியில் இல்லாத எழுத்துகளில்தான் அத்தை மகள் யாரென்று தெரிந்தது. டி-யில் தொடங்கும் டென்டட்டிவ், வி-யில் தொடங்கும் வல்னரபிள் எல்லாம் கடலையோடு போய்விட்டன. அவற்றுக்கு அவள்தான் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வார்த்தை மூன்று நான்கு தடவை வரும் வரை வாயைத் திறக்க மாட்டாள். எப்போது சொல்கிறான், அதற்கு முன் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது, குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காத்திருப்பாள். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொல்வாள். நான் அவசரப்பட்டுச் சொன்னவையெல்லாம் தப்பாகவே இருந்தன.

அத்தை இது எதிலும் சேர்ந்துகொள்ளவில்லை. இங்கிலீஷ் அரைமணியில் அவளுடைய ராட்டைச் சத்தம் அடிக்கடி நின்று நின்று வரும். நூல் அறுந்து அறுந்து போகிறது, பாவம் என்று நினைப்பேன்.

தீபாவளிக்கு மறுநாள் அத்தையின் கொழுந்தனார் குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்தார். அத்தை மகளுக்குச் சித்தப்பா. முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். நல்ல மனிதர்தான், குரல்தான் பெரிது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பங்குனியோட பத்து முடியுதுல்லா அண்ணாச்சி. எங்க பிள்ளைய எங்க ஊருக்கு அனுப்பிருங்க. என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், நாலு ஏக்கர் கரிசக்காடு. ஒரு வருசம் கழிச்சு முடிச்சிரலாம்."

அப்பா கால் நீட்டிப் படுத்தபடி, "பாஸ் பண்ணட்டும், பெறவு பேசுவோம்," என்றார்.

"பெயிலானா அப்பமே அனுப்பிருவீங்கள்லா?"

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சித்தப்பா சரி என்று எடுத்துக்கொண்டார். பெண் எடுத்த வீடு, ரத்த உரிமை, ஊர் வழக்கம் எல்லாம் அந்த மௌனத்தில் இருந்தது. அத்தை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சம்மதம் போல என்று நினைத்தோம். அன்று அத்தை மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இங்கிலீசுல பாஸாக எவ்வளவு எழுதணும்?"

அரையாண்டுப் பரீட்சையில் 'ஒரு மழை நாள்' என்று கட்டுரை வந்தது. நாம் எல்லோரும் நோட்ஸில் உள்ள அதே மழையை எழுதினோம். அதே கருமேகம், அதே காகிதக் கப்பல். அவள் மட்டும் தன் மழையை எழுதினாள். மேகங்கள் ஹோஸ்டைலாக, அதாவது பகையோடு, வந்து சூழ்கின்றன. மழை முதலில் டென்டட்டிவாகத்தான் ஆரம்பிக்கிறது. எங்கள் கூரை பிரிகேரியஸ். வடக்கு மூலை வல்னரபிள் என்று மழைக்குத் தெரிந்திருக்கிறது. தெருவில் ஒரு எருமை மட்டும் இம்மேக்குலேட் டிஃபென்ஸோடு அசையாமல் நிற்கிறது. சாயங்காலம் ஊருக்கு ஒரு ரிப்ரீவ் கிடைக்கிறது.

திருத்திய பேப்பர் கொடுக்கும் நாளில் இங்கிலீஷ் டீச்சர் அவளை எழுப்பி நிறுத்தினார். உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் கையில் சுண்ணாம்புக்கட்டி டப்பாவும்.

"இத எங்க இருந்து பாத்து எழுதின?"

"நானா எழுதினேன் டீச்சர்."

"காலாண்டுல 'மை ஃபாதர் இஸ்' எழுதத் தெரியாதவ நீ. பொய் சொல்லாத."

கட்டுரைக்கு மார்க் இல்லை. தலைமையாசிரியையான பெரிய டீச்சரிடம் புகார் போயிற்று. பெரியவர்கள் யாராவது வர வேண்டும், காப்பி அடித்தது உண்மை என்றால் பொதுத் தேர்வுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கோவில் வாசல் தாண்டும்போது அத்தை மகள், "பெயிலாகியிருந்தாக் கூட பரவால்லட்டி," என்றாள்.

அப்பாவுக்கு அப்போதுதான் மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள். அக்குளில் கட்டை வைத்து இரண்டு அடி நடப்பதற்குள் வேர்த்துவிடும். "நான் போறேன்," என்றார். நூல் பொதி ஏற்றுகிற தள்ளுவண்டியில் தலையணை போட்டு அவரை உட்கார வைத்து, தறிக்காரர் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். கடைவீதி வழியாக மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்தோம். பூ மார்க்கெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டார்.

பெரிய டீச்சர் அறையில் இங்கிலீஷ் டீச்சரும் இருந்தார். நான் அப்பாவின் கட்டையைப் பிடித்தபடி நின்றேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"டீச்சர், காப்பி அடிக்கணும்னா பக்கத்துல யாராவது அத எழுதியிருக்கணும்லா. ஒங்க பள்ளிக்கூடத்துல வேற யாரு அந்த வார்த்தைய எழுதியிருக்கா?"

"வீட்ல மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கலாம்," என்றார் இங்கிலீஷ் டீச்சர்.

"எருமைமாடு வார மழைக் கட்டுரை எந்த நோட்ஸ்ல இருக்கு? எங்க தெரு எருமை அது."

பெரிய டீச்சர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அத்தை மகளைப் பார்த்து, "நீயே எழுதினன்னா, இப்ப இங்கிலீஷ்ல ஏதாவது பேசு பாப்போம்," என்றார்.

அவள் தாவணி நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. இங்கிலீஷ் டீச்சர், பார்த்தீர்களா என்பதுபோலத் தலையை அசைத்தார். வெளியே மைதானத்தில் விளையாட்டுப் பீரியடு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று ரப்பர் வளையம் வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் உள்ளே வந்தது. அவள் கண் அந்தப் பக்கம் போவதைப் பெரிய டீச்சர் கவனித்துவிட்டார்.

"சரி. அங்க என்ன நடக்குது? அதச் சொல்லு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். எங்களுக்கு முதுகு. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

உயரமான பெண் இடது பக்கம் நிற்கிறாள், அவளுடைய வலது பக்கம் வல்னரபிள். எதிரே நிற்பவள் அதைக் கண்டுகொண்டாள். வளையம் வருகிறது. மிகத் தந்திரமான வீச்சு. டென்டட்டிவாகக் கையை நீட்டுகிறாள். விழப்போகிறது, இல்லை, விரல் நுனியில் பிடித்துவிட்டாள். வாட் எ ரிப்ரீவ். இப்படியே போனது. எல்லாம் இங்கிலீஷில். இலக்கணம் கண்டபடி உடைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. அவள் குரல் தாழ்ந்தபோது எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். ஏறியபோது அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கோ பெரிய மைதானத்தில் ஆயிரம் பேர் பார்க்கும் ஆட்டம் மாதிரி இருந்தது, நம் பள்ளியின் புழுதியும் கிழிந்த வலையும்.

மணி அடித்தது. அவள் நிறுத்தினாள்.

இங்கிலீஷ் டீச்சர்தான் முதலில் பேசினார். "வல்னரபிள்னா என்ன?"

"அடி எந்தப் பக்கம் விழும்னு எதிராளிக்குத் தெரிஞ்சு போன ஆளு, டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதற்கு முந்தைய வருஷம் அவர் மேற்பார்வை பார்த்த அறையில் இரண்டு பிள்ளைகள் காப்பி அடித்துப் பிடிபட்டு, அவருக்கு மெமோ வந்திருந்தது என்பதை நான் பெரியவளான பிறகு கேள்விப்பட்டேன். அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது நினைத்தால், அந்த அறையில் பயந்துபோய் நின்றது அத்தை மகள் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

பேப்பரை வாங்கி அங்கேயே மறுபடி திருத்தினார். "முந்தாநாள் பேஞ்ச மழைய இப்பப் பெய்யுதுன்னு எழுதியிருக்க. கட்டுரை பூரா நிகழ்காலம்."

"ரேடியோல அப்படித்தான் டீச்சர் சொல்லுதாங்க."

"மழை ரேடியோல பெய்யலம்மா," என்றார் டீச்சர். ஆனால் சொல்லும்போது சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மார்க் போட்டார், காலத்துக்காக நிறையக் கழித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கரும்பலகையின் இடது மூலையில் ஒரு கட்டம் போட்டு, தினமும் ஒரு வார்த்தையை அத்தை மகள் எழுத வேண்டும், அர்த்தத்தைத் தன் சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். இரண்டு வாரத்தில் மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. எங்களுக்குத்தான் ரேடியோ, உங்களுக்கு என்ன? மருந்துக் கடைக்காரர் மகள் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலிருந்து 'பெர்சிஸ்டன்ட்' கொண்டுவந்தாள், விடாமல் இருக்கிற இருமல். மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் உரச்சாக்கில் இருந்து ஒன்று கொண்டுவந்தாள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருளுக்கு உள்ள வார்த்தை. அதை டீச்சருக்கே படிக்க வரவில்லை. ஜெபக்கூடத்துப் போதகர் மகள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலிருந்து 'ரிடெம்ப்ஷன்' கொண்டுவர, அடகு நகையை மீட்பதா, ஆத்துமாவை மீட்பதா என்று ஒரு பீரியடு முழுக்கச் சண்டை போட்டோம். இரண்டும்தான் என்று அத்தை மகள் தீர்ப்புச் சொன்னாள். ஊரே இங்கிலீஷாக இருந்தது, நாம்தான் அதுவரை படிக்காமல் நடந்திருக்கிறோம். ஆக, பேத்திக்கு வழி கேட்டவளே, என் பதில் இதுதான். பேத்தியிடம் என்ன படித்தாய் என்று கேட்காதே. அவள் சொன்னால்தான் உனக்குத் தெரியும் என்கிற மாதிரி ஏதாவது ஒன்றைக் கேள். உனக்கு நிஜமாகவே அது தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

பொதுத் தேர்வில் அவள் பாஸ். இங்கிலீஷிலும்தான். பெரிய மார்க் இல்லை, ஆனால் பாஸ். நான் அவளைவிட அதிகம் வாங்கினேன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை.

ரிசல்ட் வந்த வாரமே சித்தப்பா வந்துவிட்டார். இந்தத் தடவை மாம்பழக் கூடையோடு. அப்பா அப்போது கட்டை இல்லாமல் நொண்டி நொண்டி நடப்பார். இருவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், டீச்சர்மாரே சொல்கிறார்கள் என்று. சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"படிச்ச பிள்ளைன்னா எங்களுக்குந்தான் பெருமை அண்ணாச்சி. ஆனா எங்க வீட்டுப் பிள்ளைக்கு முடிவு நாங்கல்லா எடுக்கணும். நீங்க தாய்மாமன். ஒங்க மரியாதைய நாங்க கொறைக்க மாட்டோம்."

அப்பாவுக்கு அதற்கு மேல் வழி இல்லை. வழக்கம் அவர் பக்கம் இல்லை. அத்தை மகள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பின்னால்.

ராட்டை நின்றது. அத்தை எழுந்து திரும்பினாள். சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"அவ ப்ளஸ் ஒன் சேருதா," என்றாள்.

சித்தப்பா அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரிடம் நேராகப் பேசி அவர் கேட்டதே இல்லையாம், பின்னால் அவரே சொன்னார். "யாரக் கேட்டு மைனி?"

"என்னைத்தான் கேக்கணும். நான்லா பெத்தவ."

"இல்ல, ஊர்ல நாலு பேரு..."

"இம்புட்டு நாளும் நான் இந்த மூலையில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவ சொல்லுத ஒவ்வொண்ணையும் கேட்டுக்கிட்டு இருக்கேன். அவ அப்பா சாவும்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டாக்டரு இங்கிலீசுல சொன்னாரு. நான் மண்டைய மண்டைய ஆட்டினேன். என்ன சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது." நிலையருகே நின்ற மகளைப் பார்த்தாள். "அவளுக்கு அப்படி ஆவக் கூடாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த மாதங்களில் ராட்டை நின்று நின்று ஓடியது நூல் அறுந்ததால் இல்லை என்று.

சித்தப்பா மாம்பழக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று சொன்னேன் அல்லவா. அண்ணனை அடக்கம் செய்த நாள் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "சரி மைனி," என்றார். "சேரட்டும். வீட்ல நான் சொல்லிக்கிடுதேன்." காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அத்தை மகள் பிற்பாடு தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தாள், எத்தனையோ நாட்டுக் கேப்டன்களோடு பேசுகிற வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். நம் குழுவில் சேரச் சொன்னால், ரோஜாப்பூ அனுப்புவதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை என்கிறாள். ஆனால் அது வேறு கதை. நான் முடிக்க நினைப்பது ப்ளஸ் ஒன் சேர்க்கை நாளோடு.

பள்ளிக்கு அப்பா வருவதாக இருந்தார். அத்தை வேண்டாம் என்றாள். அவளே வந்தாள். அத்தனை வருஷம் கழித்து அன்றுதான் அவள் பகல் வெளிச்சத்தில் கடைவீதி வழியாக நடந்தாள். கண் கூசியது போலிருக்கிறது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டே வந்தாள். புதுக் கட்டடங்களைப் பார்த்து, இது எப்பம் வந்தது, அது எப்பம் வந்தது என்று எங்களைக் கேட்டாள். ஆபீஸ் அறையில் கிளார்க் தலையைத் தூக்காமல் எந்த குரூப் என்று கேட்டார். அத்தை மகள் தன் அம்மாவைப் பார்த்தாள்.

"எதுல சேந்தா ரொம்ப நாள் படிக்கலாம்?" என்று கேட்டாள் அத்தை.

கிளார்க் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "அது குரூப்ல இல்லம்மா," என்றார். "பிள்ளையப் பொறுத்தது."

"அப்பம் அவளையே கேளுங்க," என்று சொல்லிவிட்டு, அத்தை அங்கே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் சேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.